நீலச் செட்டை கட்டின நாள்

ஓம் பிள்ளை, நான்தான். ஒருக்கால் என்ரை முகத்தையும் ஒருக்கால் உம்மட போனையும் மாறி மாறிப் பாக்கத் தேவையில்லை. தோளிலை பறவை மாதிரி நீலச் செட்டை கட்டிக்கொண்டு ஏரிக்கரை றோட்டிலை ஆடின தமிழ் மனுசி நான்தான். பக்கத்திலை இரும். பையை மடியிலை வைக்கிறன். இந்த பஸ் பின்ச் றோட்டுக்குப் போய்ச் சேர இன்னும் அரை மணித்தியாலம் எடுக்கும். கேக்கிறதெண்டால் என்னட்டையே கேளும். மற்றவையிட்டைக் கேட்டால் கண் காது மூக்கு வைச்சுத்தான் சொல்லுவினம்.

பேர் தவமலர். ஸ்காபரோவுக்கு வந்து இருபத்தாறு வருசம். தையல்தான் தொழில், சின்னக் கடை ஒண்டு. பிளவுஸ், லெகங்கா, காற்சட்டை கட்டையாக்கிறது, எல்லாம் செய்வன். மனுசன் கண்ணை மூடி ஐஞ்சு வருசமாகப் போகுது. ஒரே ஒரு மகள், சாம்பவி. மருந்துக் கடையிலை பெரிய வேலை.

முதல்லை ஒண்டு சொல்லிப் போடுறன். நான் நிறம் பாக்கிற ஆள் இல்லை. எங்கடை ஆக்களிலை கனபேர் பாப்பினம். நான் இல்லை. எங்கடை மாடியிலை வெர்லீன் எண்டு ஒரு ட்ரினிடாட் மனுசி, நாலு கதவு தள்ளி. பதினொரு வருசம் பக்கத்துப் பக்கத்திலை இருக்கிறம், ஒரு நாள் ஒரு சண்டை இல்லை. கதைச்சதும் இல்லைத்தான். லிப்டுக்குள்ளை அவ ஏறினால் நான் கைப்பையை மற்றத் தோளுக்கு மாத்துவன். அது பழக்கம் பிள்ளை, வேறை ஒண்டுமில்லை.

அந்த வெர்லீன் போன வருசம் ஜூன் மாசம் கதவைத் தட்டினா. கீழை அறிவித்தல் பலகையிலை நான் ஒட்டின தையல் விளம்பரத்தைக் கையோடை கிழிச்சுக்கொண்டு வந்திருக்கிறா. எனக்கு உடனை கோவம். 'இதை ஏன் கிழிச்சனீங்கள்?' எண்டு கேட்டன். 'வேறை ஒருதரும் உன்னைப் பிடிக்கக் கூடாது எண்டுதான்' எண்டா.

விசயம் என்னெண்டால், கோடையிலை இந்த நகரத்திலை இருக்கிற ஆபிரிக்க, கரிபியன் சனம் எல்லாம் சேர்ந்து கார்னிவல் எண்டு ஏரிக்கரையாலை ஊர்வலம் போவினம். அதுக்கு ஒரு சின்னக் குழுவை வெர்லீன் நடத்துறா. இருபத்துநாலு பேர். உடுப்புத் தைக்கிற மனுசி படியிலை வழுக்கி விழுந்து கை முறிஞ்சு போச்சாம். ஐஞ்சு கிழமைதான் கிடக்கு.

எனக்குத் தெரிஞ்ச கார்னிவல் டிவியிலை பாத்ததுதான். 'அரையும் குறையுமா உடுத்துக்கொண்டு ஆடுறது. நான் கோயில் குசினியிலை தொண்டு செய்யிற ஆள். உதுகளைத் தைக்க மாட்டன்' எண்டு முகத்துக்கு நேரை சொன்னன். மனுசி கோவிக்கேல்லை. போனைத் திறந்து ஒரு படம் காட்டினா. நீலப் பாவாடை, கணுக்கால் மட்டும். தோள் ரெண்டிலையும் இருந்து செட்டை விரிஞ்சு நிக்குது, கடற்பறவை மாதிரி.

'எங்கடை குழுவிலை இளையவளுக்கு அறுபத்தொண்டு வயசு' எண்டா. 'இடுப்பைக் காட்டுற காலம் எங்களுக்குப் போட்டுது கண்ணே. செட்டைதான் மிச்சம்.'

எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. சிரிச்சுப் போட்டு மாட்டன் எண்டு எப்பிடிச் சொல்லுறது?

'அப்ப சனிக்கிழமை மாஸ் காம்புக்கு வா' எண்டா. காம்ப் எண்ட சொல்லு எனக்குப் பிடிக்கேல்லை. எங்கடை ஊரிலை காம்ப் எண்டால் ஆமி இருக்கிற இடம். போய்ப் பாத்தால் ஒரு கிடங்கு. மேசை முழுக்க இறகு, கம்பி, பசை, மினுங்கல். இந்த ஊர்வலத்தை அவை மாஸ் எண்டுதான் சொல்லுவினம், உடுப்புச் செய்யிற இடம் மாஸ் காம்ப். மனுசியள் பாட்டைப் போட்டுக்கொண்டு இறகு ஒட்டுகினம். கானா நாட்டுக்காரி ஒருத்தி ஒரு பெரிய தட்டிலை சிவப்புச் சோறு கொண்டு வந்தா. வெர்லீன் ரொட்டிக்குள்ளை கறி வைச்சுச் சுத்திக் கொண்டு வந்தா. நான் கடிச்சுப் பாத்துட்டு 'இது எங்கடை கறி' எண்டன். 'எங்கடை பாட்டன் பாட்டி காலத்துக் கறி' எண்டா. அண்டைக்குத் துடங்கின சண்டை இன்னும் முடியேல்லை.

நான் வேலையெண்டால் வேலை. கிழமைக்கு நாலு நாள் கடை பூட்டினவுடனை நேரை அங்கை போவன். எல்லாச் சட்டைக்கும் கழுத்தை மூண்டு விரல் மேலை ஏத்தி வெட்டினன். ஆரும் கேக்கேல்லை, நானாத்தான். வெர்லீன் கண்டு பிடிச்சு, கத்திரிக்கோலோடை வந்து நிண்டா. 'தவா, இது கோயில் இல்லை.' ரெண்டு விரல் விட்டுக் குடுத்தன். மற்ற ஒரு விரல் விடேல்லை. நான் ஒண்டும் பிடிவாதக்காரி இல்லைப் பிள்ளை, ஆனா ஒரு அளவு வேணுமெல்லோ.

ஒரு நாள் ரெண்டு பேரும் செட்டைக்குக் கம்பி வளைச்சுக்கொண்டு இருக்கேக்கை நான் கேட்டன், 'உங்களுக்கு இந்த வயசிலை, இந்த முழங்கால் நோவோடை, ஏன் உந்த வெய்யிலுக்கை ஆட்டம்?' எண்டு.

அவ கம்பி வளைக்கிற குறட்டைக் கீழை வைச்சா. 'என்ரை பாட்டியின்ரை பாட்டி கரும்புத் தோட்டத்திலை அடிமையாப் பிறந்தவ. அந்தக் காலத்திலை மேளம் தட்டினால் அடி. நாலு பேர் கூடி நடந்தால் அடி. விடுதலை வந்தவுடனை எங்கடை ஆக்கள் முதல் செய்த வேலை என்ன தெரியுமோ? மேளத்தோடை றோட்டுக்கு வந்தது. நான் ஆடுறது உடம்பு சொல்லி இல்லை, தவா. றோட்டு எங்கடை எண்டு சொல்ல.'

நான் அடுத்த கம்பியை வளைச்சன்.

ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை. நான் தையல்காரியாத்தான் போனனான், அதை நல்லா விளங்கிக்கொள்ளும். பருத்திச் சுடிதார், சப்பாத்து, இடுப்பிலை ஒரு பை, அதுக்குள்ளை ஊசி, நூல், ஊக்கு, குறடு. ஊர்வலத்திலை ஆருக்கும் ஏதும் கழண்டால் தைச்சுவிட ஒராள் கூட நடக்க வேணும். வெய்யில் எண்டால் வெய்யில். றோட்டு முழுக்கச் சனம். முன்னுக்கு எங்கடை லொறி, அதிலை பாட்டுப் பெட்டியள் வீட்டுச் சுவர் உயரத்துக்கு அடுக்கியிருக்கு, மேலை நாலு பேர் ஸ்டீல் பான் அடிக்கினம், அதுதான் அந்த இரும்புப் பீப்பாவை வெட்டிச் செய்த மேளம். அடிக்க அடிக்க நிலம் அதிருது.

நடுவர் மேடைக்கு இன்னும் கொஞ்சத் தூரம் கிடக்கேக்கை யூனிஸ் எண்ட மனுசி, பார்படோஸ்காரி, எழுபத்தொரு வயசு, தலையைச் சுத்துது எண்டு கரையிலை இருந்திட்டா. தண்ணி குடுத்து நிழலிலை வைச்சம். ஆளுக்கு ஒண்டும் இல்லை. ஆனால் வரிசை ஓட்டையாப் போச்சு. நாலு நாலு பேராப் போற வரிசை. செட்டையும் செட்டையும் முட்டினால்தான் முழுக் கடல் மாதிரித் தெரியும்.

வெர்லீன் என்னைப் பாத்தா.

'மாட்டன்' எண்டன்.

'நான் ஒண்டும் கேக்கேல்லையே' எண்டா.

யூனிஸ் கரையிலை இருந்துகொண்டு செட்டையையும் இறகு முடியையும் கழட்டி என்னட்டை நீட்டினா. 'நீ தைச்சதுதானே. மேடை மட்டும் கொண்டு போ. பத்து நிமிசம்.'

அந்த நேரத்திலை நான் ஓடியிருக்கலாம் பிள்ளை. ஆரும் என்னைப் பிடிச்சு வைச்சிருக்கேல்லை. நான் ரெண்டு கையையும் நீட்டினன். வெர்லீன் வாரை இழுத்துக் கட்டினா. சுடிதாருக்கு மேலை நீலச் செட்டை, தலையிலை இறகு முடி. பாரம் எண்டு நினைச்சன். இல்லை. காத்து அடிக்கேக்கை செட்டை ஆளைத் தூக்குது.

முதல் நான் நடந்தனான், அவ்வளவுதான். சின்னச் சின்ன அடியா, ஆக்களோடை ஆக்களா. அப்பத்தான் எனக்கு அது வந்தது. நீர் அப்ப பிறந்திருக்க மாட்டீர். தொண்ணூற்றைஞ்சிலை ஆமி வருது எண்டு யாழ்ப்பாணம் முழுக்க ஒரே நாளிலை வெளிக்கிட்டது. ஒரே ஒரு றோட்டு. செம்மணி வெளி, நாவற்குழிப் பாலம். மழை. இதே மாதிரித்தான், முன்னுக்கு நிக்கிற ஆளின்ரை முதுகைத் தவிர ஒண்டும் தெரியாது, அடிக்கு மேலை அடி. இவள் சாம்பவி வயித்திலை ஐஞ்சு மாசம். ஒரு கையாலை வயித்தைப் பிடிச்சுக்கொண்டு மற்றக் கையிலை தேத்தண்ணிக் கேத்திலைத் தூக்கிக்கொண்டு நடந்தன். ஏன் கேத்தில் எண்டு இண்டைக்கும் தெரியாது. அண்டைக்கு ஆரும் சத்தம் போடேல்லை பிள்ளை. அவ்வளவு சனம், ஒரு சத்தம் இல்லை, குழந்தையள் அழுகிறதைத் தவிர.

அப்பிடியொரு கூட்டத்துக்குள்ளை நான் பிறகு நடந்ததே இல்லை. இப்ப நடக்கிறன். அதே மாதிரிச் சனம், அதே மாதிரி நெரிசல். ஆனால் மேளம் அடிக்குது. முன்னுக்குப் போற மனுசியின்ரை முதுகு ஆடுது. துரத்த ஆரும் இல்லை.

என்ரை கால் எப்ப ஆடத் துடங்கினது எண்டு எனக்குத் தெரியாது. நடுவர் மேடையும் போச்சு, பத்து நிமிசமும் போச்சு. மூண்டு மணித்தியாலம் ஆடினன்.

அப்பத்தான் வேலிக்கு அங்காலை நிண்ட ஒரு தமிழ்ப் பெடியன் போனைப் பிடிச்சுக்கொண்டு கத்தினான், 'அன்ரி, நீங்கள் தமிழோ?' எண்டு. நான் திரும்பிச் செட்டையை விரிச்சு, 'ஓம் தம்பி! தவமலர்! அரியாலை!' எண்டு பேரையும் ஊரையும் சேர்த்துக் கத்தினன். அதுதான் நீர் பாத்த வீடியோ.

வீட்டை வந்து படுத்து எழும்புறதுக்குள்ளை உலகம் முழுக்கப் போட்டுது. லண்டனிலை இருக்கிற சித்தி மகள், பாரிஸிலை இருக்கிற மனுசனின்ரை மருமகன், ஆர் எவர் எண்டில்லை. கோயில் குசினிக் குழுவிலை என்ரை பேரை எடுத்துப் போட்டினம், சொல்லாமல் கொள்ளாமல். எனக்கொண்டும் கவலை இல்லை. ஆக்கள் என்ன சொல்லுகினம் எண்டு பாக்கிற பழக்கமே எனக்கில்லை. வீடியோவுக்குக் கீழை நானூற்றுப் பன்னிரண்டு பேர் எழுதியிருந்தினம். அதிலை நூற்றெழுபது பேர் நல்லாத்தான் எழுதினவை. 'கிழவிக்கு இடுப்பு நல்லா ஓடுது' எண்டு ஒருத்தன். அதை எந்தப் பக்கம் சேர்க்கிறது எண்டு தெரியேல்லை.

ஆனால் சாம்பவிக்குக் கலியாணம் பேசி வைச்சிருந்த நேரம். ஒக்டோபரிலை நாள். மாப்பிளை துவாரகன், நல்ல பெடியன், ரெண்டு பேரும் தாங்களாப் பிடிச்ச சம்பந்தம். மாப்பிளையின்ரை தாய் புஸ்பராணி மட்டும் கொஞ்சம் சாத்திரம் சம்பிரதாயம் எண்டு நிக்கிற ஆள். நான் தாலி இல்லாதவ எண்டபடியால், மணவறையிலை என்ரை மனுசனின்ரை தமையன், எங்கடை பெரியத்தான், தாரை வார்த்துக் குடுக்கிறது, நான் ஒரு பக்கமா இருக்கிறது எண்டு ஏற்கனவே முடிவாகியிருந்தது. நானும் ஓமெண்டு தலையாட்டினனான். அதுதானே வழக்கம்.

வீடியோ வந்து அடுத்த ஞாயிறு காலமை பெரியத்தான் வீட்டுக்கு வரச் சொல்லி போன். போனால், புஸ்பராணியும் மனுசனும் செற்றிக் கதிரையிலை. தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடக்கு. சாம்பவி ஒரு மூலையிலை, துவாரகன் ஒரு மூலையிலை.

பெரியத்தான் தொண்டையைச் செருமினார். 'தவம், நடந்தது நடந்து போச்சு. நீ தைக்கப் போன இடத்திலை தெரியாமல் கூட்டத்துக்குள்ளை மாட்டுப்பட்டுப் போனாய். அதுகள் பிடிச்சுக் கட்டி விட்டிட்டுதுகள். அப்பிடித்தானே? அதை இவைக்கு உன்ரை வாயாலை ஒருக்கால் சொல்லு. பிரச்சினை முடிஞ்சுது.'

நல்ல மனுசன், எனக்கு வழி காட்டினவர். அந்த வழியாலை போயிருந்தால் அண்டைக்கே எல்லாம் சுகமா முடிஞ்சிருக்கும்.

'ஆரும் கட்டி விடேல்லை அத்தான். நான்தான் கையை நீட்டினன்' எண்டன்.

புஸ்பராணி மனுசனுக்குச் சொல்லுற மாதிரி எனக்குச் சொன்னா: 'மனுசன் செத்து மூண்டு வருசம் ஆகேல்லை. தாலியறுத்தவ செய்யிற வேலையே?'

'நாலு ஆகப் போகுது' எண்டன். 'தாலியைப் பற்றிக் கதைக்கிறதெண்டால் ஒண்டையும் சேர்த்துக் கேளுங்கோ. கலியாணத்திலை தாரை வார்க்கிறது நான். பெரியத்தான் இல்லை. நான்.'

சத்தியமாச் சொல்லுறன் பிள்ளை, அங்கை போகேக்கை எனக்கு அந்த எண்ணமே இல்லை. வாய் திறந்தாப் பிறகுதான் எனக்கே தெரியும்.

பெரியத்தான் எழும்பி நிண்டிட்டார். 'விசரே உனக்கு? மங்கள காரியம்!'

'இவளை வயித்திலை வைச்சுக்கொண்டு செம்மணி வெளியாலை நடக்கேக்கை மங்களம் அமங்களம் எண்டு ஆரும் என்னைக் கேக்கேல்லை. பெத்தனான், வளத்தனான், பனிக்குள்ளை ரெண்டு பஸ் மாறி வேலைக்குப் போய்ப் படிப்பிச்சனான். குடுக்கிற நேரத்திலை மட்டும் நான் தூணுக்குப் பின்னாலை நிக்கோணுமோ?'

வெளிக்கிட்டு வந்திட்டம். சாம்பவி கார் ஓடுறாள். எனக்கெண்டால் பெருமை. இவளுக்காகத்தானே கதைச்சனான், ஏதும் சொல்லுவாள் எண்டு பாத்துக்கொண்டு வாறன். சிவப்பு விளக்கிலை காரை நிப்பாட்டிப் போட்டுச் சொன்னாள்: 'என்ரை கலியாணத்தைப் பற்றி என்னட்டை ஒருக்கால் கேட்டீங்களோ அம்மா?'

நான், 'உனக்காகத்தானே பிள்ளை' எண்டன்.

'பத்தாம் வகுப்பிலை நான் ஸ்டீல் பான் வாசிச்சனான். ஞாபகம் இருக்கோ? நிகழ்ச்சி அண்டைக்கு நீங்கள் மேடைக்குப் பின்னாலை வந்து, என்ரை கையிலை இருந்த தடி ரெண்டையும் பறிச்சு எறிஞ்சு போட்டு, எல்லாருக்கும் முன்னாலை இழுத்துக்கொண்டு போனீங்கள். அண்டைக்கு ஒரு சொல்லுச் சொன்னீங்கள். என்ரை கூட்டாளி கமீலா கறுப்புப் பிள்ளை, அவளுக்கு அந்தச் சொல்லு விளங்கேல்லை. ஆனால் விளங்கினது.'

அந்தச் சொல்லை இப்ப உமக்கு நான் சொல்ல மாட்டன். அது வேறை பிள்ளை, இது வேறை. அப்ப அவளுக்குச் சோதினைக் காலம். படிக்கிற பிள்ளைக்கு மேளம் என்னத்துக்கு? தாய் எண்டால் கண்டிக்கத்தானே வேணும். ஏன் என்னை அப்பிடிப் பாக்கிறீர்?

மூண்டு கிழமை வீட்டுக்குள்ளை ஆளோடை ஆள் முகம் பாக்கேல்லை. கலியாணம் நிண்டு போகும் எண்டுதான் நினைச்சன். நிண்டால் என்னாலை எண்டும் தெரியும். ஒரு நாள் காலமை மனம் தளந்து போய், பெரியத்தானுக்குப் போன் எடுப்பம், சொல்லச் சொன்னதைச் சொல்லிப் போடுவம் எண்டு நினைச்சுப் போனையும் கையிலை எடுத்தனான். நம்பர் அமத்தினன். மணி அடிக்க முந்தி வைச்சிட்டன். என்ரை வாயாலை அது வராது.

அதுக்கு ரெண்டு நாளாலை துவாரகன் தனிய என்ரை கடைக்கு வந்தான். கையிலை ஒரு காற்சட்டை. 'மாமி, இதைக் கட்டையாக்க வேணும்' எண்டான். அளந்து பாத்தன், அளவு சரியாத்தான் கிடந்தது. சும்மா ஒரு சாட்டு.

'அம்மா கலியாணத்துக்கு வருவா. உங்களோடை கதைக்க மாட்டா. ஆனா வருவா' எண்டான். 'நீங்கள் மணவறையிலை நில்லுங்கோ, மாமி. நானும் சாம்பவியும் கதைச்சுத்தான் முடிவெடுத்தனாங்கள்.'

'நான் உம்மட்டை அனுமதி கேக்கேல்லைத் தம்பி' எண்டன்.

பெடியன் சிரிச்சான். 'தெரியும் மாமி. சாம்பவி சொல்லித்தான் அனுப்பினவள், நீங்கள் இப்பிடித்தான் சொல்லுவீங்கள் எண்டு.'

கலியாணம் நடந்தது. பெரியத்தான் வரேல்லை. அவரின்ரை மனுசி வந்து கடைசி வரிசையிலை இருந்தா. வெர்லீனும் யூனிசும் நான் உடுத்துவிட்ட சீலையோடை முன் வரிசையிலை. ஐயர் தாரை வார்க்கிற இடம் வந்தவுடனை தலையைச் சொறிஞ்சுகொண்டு, 'தம்பதியா ஆராவது…' எண்டு இழுத்தார்.

'நான்தான் தாய், ஐயா. தகப்பன் அங்கை படத்திலை இருக்கிறார். தண்ணியைத் தாங்கோ' எண்டு எழும்பி வந்து நிண்டன்.

புஸ்பராணி முகத்தை மற்றப் பக்கம் திருப்பினா. மண்டபம் முழுக்க ஒரு குசுகுசுப்பு. நான் பயந்த ஆள் இல்லை. ஆனால் செம்பைத் தூக்கினவுடனை கை நடுங்கத் துடங்கிட்டுது பிள்ளை. தண்ணி செம்பு விளிம்பாலை தளம்புது. சாம்பவி தன்ரை ஒரு கையை எடுத்து என்ரை மணிக்கட்டுக்குக் கீழை வைச்சுத் தாங்கினாள். குனிஞ்ச தலை நிமிராமல் சொன்னாள், 'நடுங்காதேங்கோ அம்மா. எல்லாரும் வீடியோ எடுக்கினம்.'

தண்ணி சரியா விழுந்தது. ஒரு துளி சிந்தேல்லை.

இப்ப அவள் தன்ரை வீட்டிலை. ஞாயிற்றுக்கிழமையிலை போன் எடுப்பாள், சாப்பிட்டீங்களோ, மருந்துக் குளிசை போட்டீங்களோ எண்டு கேப்பாள், வைப்பாள். இந்த வருசம் ஊர்வலத்துக்கு வாறியோ எண்டு கேட்டன். வாறன் எண்டும் சொல்லேல்லை, வரமாட்டன் எண்டும் சொல்லேல்லை. இருக்கட்டும். நான் அவளின்ரை தாய், எனக்கு அவசரம் இல்லை.

இந்தப் பைக்குள்ளை என்ன எண்டு பாக்கிறீரோ? இந்த முறை சிவப்புத் துணி. முப்பது பேர். வெர்லீன் கேட்டா, 'போன வருசம் மாதிரி ஊசி நூலோடை பக்கத்திலை வாறியோ?' எண்டு. 'பக்கத்திலை நடக்க வேறை ஆளைப் பாரும்' எண்டன். படிவத்தை வாங்கி முழுப் பேரும் எழுதி, வயசு ஐம்பத்தொன்பது எண்டும் எழுதி, கையெழுத்தும் வைச்சுக் குடுத்திட்டன். தெரியாமல் மாட்டுப்பட்டுப் போனன் எண்டு இனி ஒருதரும் எனக்காகச் சொல்ல ஏலாது.

அந்த மணியை ஒருக்கால் அமத்தும் பிள்ளை, அடுத்தது என்ரை தரிப்பு. முன் வரிசை, வலது கரை, அதுதான் என்ரை இடம். பெரியத்தானுக்கு நேற்று நானே போன் எடுத்துச் சொல்லிப் போட்டன், எந்தப் பக்கம் நிண்டால் என்னை வடிவாத் தெரியும் எண்டு.